மகளுக்கு ‘கன்ட்ரோல் தியரி’ ஆசை: அனுப்பலாமா?

வணக்கம் ஐயா. பி.எஸ்சி. கணிதம் இறுதியாண்டில் இருக்கும் உங்கள் மகள், கன்ட்ரோல் தியரியில், அதாவது ஓர் அமைப்பை நாம் விரும்பியபடி நடக்கவைக்கும் கணிதத்தில், பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகளால் (இடத்தையும் நேரத்தையும் பொறுத்த மாற்றத்தை விவரிப்பவை) இயங்கும் அமைப்புகளில் ஆக்சுவேட்டரை (விசை தரும் கருவியை) எங்கே பொருத்துவது என்பதை ஆராய விரும்புகிறார். இதற்கு வேலை கிடைக்குமா என்பது உங்கள் கவலை. இந்தப் பெயரில் விளம்பரம் வராது. செயற்கைக்கோளின் சூரியத் தகடு, விமான இறக்கை, கார் இரைச்சல் என்று அதிர்வை அடக்க வேண்டிய இடங்களில் இந்த வேலை இருக்கிறது. ‘கன்ட்ரோல்ஸ்’, ‘ஸ்ட்ரக்சுரல் டைனமிக்ஸ்’, ‘சிமுலேஷன்’ என்று தேடினால்தான் கண்ணில் படும்.

விண்ணப்பிக்கும் முன் ஒரு கணக்கைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள். பைத்தான் நிரல்மொழி போதும். 1 மீட்டர் பீம் (உத்தரம்), இரு முனையிலும் தாங்கல், முதல் 5 அதிர்வு மோடுகள் (பீம் இயல்பாக அதிரும் வடிவங்கள்), 1 சதவீதத் தணிப்பு (அதிர்வு தானாக அடங்கும் அளவு). விசை தரும் புள்ளியை 0.05 மீட்டரிலிருந்து 0.95 வரை 0.05 இடைவெளியில் நகர்த்தி, 19 இடங்களுக்கும் ரிக்காட்டி சமன்பாட்டை (மிகச் சிறந்த கட்டுப்பாட்டைத் தரும் அணிச் சமன்பாடு) தீர்த்து, தீர்வு அணியின் மூலைவிட்டக் கூட்டலை ஒப்பிட வேண்டும். இதுதான் அதிர்வை அடக்க ஆகும் ‘செலவு’; குறைவாக வரும் இடமே சிறந்தது. 0.3-க்கும் 0.7-க்கும் ஒரே விடை வராவிட்டால் நிரலில் பிழை. நடுப்புள்ளிதான் சிறந்தது என்று தோன்றும். ஆனால் 2, 4-ஆம் மோடுகளுக்கு அது கணு (அசையாப் புள்ளி), அங்கே எவ்வளவு தள்ளினாலும் அவை அசையாது. தணிப்பைச் சுழியமாக்கினால் அந்த இடத்தில் நிரல் பிழை காட்டும், அல்லது அபத்தமாகப் பெரிய எண்ணைக் கக்கும். அடுத்து மோடுகளை 10, 20 என்று கூட்டட்டும். கணக்கில் எல்லா மோடுக்கும் ஒரே முக்கியத்துவம் கொடுத்திருந்தால் செலவு ஏறிக்கொண்டே போகும், சிறந்த இடமும் நிலைக்காமல் தாவலாம். ஏன் என்ற கேள்வி அவரைத் தூங்கவிடாமல் செய்தால், கணித வழி அவருக்கானது.

அந்த வழிக்கு, வழக்கமாக டிசம்பரில் நடக்கும் டி.ஐ.எஃப்.ஆர். (டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம்) நுழைவுத்தேர்வு எழுதி, அதன் பெங்களூரு பயன்பாட்டுக் கணித மையத்தில் உதவித்தொகையுடன் ஒருங்கிணைந்த பிஎச்.டி.க்கு (எம்.எஸ்சி.யும் சேர்ந்தது) முயலலாம். பிப்ரவரியில் ஜாம் (எம்.எஸ்சி. சேர்க்கைக்கான தேசிய நுழைவுத்தேர்வு) எழுதி ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர்வது இன்னொன்று. இரண்டையும் எழுதட்டும், பாடத்திட்டத்தில் பொதுவான பகுதிகள் உண்டு.

மாறாக, அவர் கேட்பது “பீசோ (மின்னழுத்தம் கொடுத்தால் விரிந்து சுருங்கும் தகடு) ஒட்டினால் எங்கே ஒட்டுவது?” என்றிருந்தால் பொறியியல் பக்கம். (ஒரு முனை மட்டும் பதிந்த பீமில் வேர்ப்பகுதிக்கு அருகே, வளைவு அங்கேதான் அதிகம். அதே பீமில் விசை கொடுப்பதானால் நுனி.) எம்.எஸ்சி.க்குப் பிறகு கேட் (பொறியியல் முதுகலைக்கான நுழைவுத்தேர்வு) எழுதி, ஐ.ஐ.டி. பாம்பேயின் சிஸ்டம்ஸ் அண்ட் கன்ட்ரோல் போன்ற துறைகளைப் பார்க்கலாம். கணிதப் பட்டதாரிகளை ஏற்கிறார்களா என்பதை அந்தந்த ஆண்டு அறிவிக்கையில் சரிபாருங்கள்.

எந்த வழியானாலும் சார்புப் பகுப்பாய்வும் (ஃபங்ஷனல் அனாலிசிஸ், சார்புகளின் வெளிகளை ஆராயும் கணிதம்) வரம்புள்ள உறுப்பு முறையும் (ஃபைனைட் எலிமெண்ட், பொருளைச் சிறு துண்டுகளாகப் பிரித்துக் கணக்கிடுவது) கட்டாயம். பல கல்லூரிகளின் பி.எஸ்சி. பாடத்தில் இரண்டும் இருக்காது. ஐ.ஐ.டி.களின் இணையவழிப் பாடத்தளமான என்.பி.டி.இ.எல். காணொளிகளில் இலவசமாகவே கிடைக்கின்றன. முதலில் வரம்புள்ள உறுப்பு முறையைத் தொடங்கட்டும்.