ஐசிஐ கம்பெனி பாலித்தீனைக் கண்டுபிடித்தது எப்படி? அவ்வளவு பெரிய கம்பெனி ஏன் காணாமல் போனது?

ஜெர்மனியின் சாயக் கம்பெனிகள் 1925-ல் ஒன்றுசேர்ந்து ஐ.ஜி. ஃபார்பன் ஆனதும் பிரிட்டிஷ் முதலாளிகளுக்கு வயிற்றில் புளி கரைத்தது. அடுத்த வருடமே ப்ரன்னர் மாண்ட், நோபல், யுனைடெட் ஆல்கலி, பிரிட்டிஷ் டைஸ்டஃப்ஸ் ஆகிய நான்கையும் இணைத்து இம்பீரியல் கெமிக்கல் இண்டஸ்ட்ரீஸை உருவாக்கினார்கள். அதுதான் ஐசிஐ.

நான் பாலித்தீன் ஃபிலிம் தொழிலில் இருக்கிறேன், அதனால் வின்னிங்டன் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வின்னிங்டன் என்பது இங்கிலாந்தின் செஷயரில் இருந்த ஐசிஐ ஆய்வகம். அங்கே 1933 மார்ச்சில் ஃபாசெட், கிப்சன் என்ற இரு வேதியியலாளர்கள் எத்திலீன் வாயுவையும் பென்சால்டிஹைடு என்ற திரவத்தையும் 170 டிகிரி சூட்டில், நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைப் போல சுமார் 1,900 மடங்கு அழுத்தத்தில் வைத்தார்கள். (கார் டயரில் இருப்பது இரண்டு மடங்கு சொச்சம்தான்!) வார விடுமுறை முடிந்து கலத்தைத் திறந்தால், மெழுகு மாதிரி வெள்ளையாக ஏதோ இருந்தது. எத்திலீன் தனக்குத்தானே சங்கிலியாகக் கோத்துக்கொண்டிருந்தது.

மறுபடி செய்து பார்த்தபோது கருவி வெடித்தது. வேலையைக் கிடப்பில் போட்டார்கள். 1935 டிசம்பரில் அதே ஆய்வகத்தின் பெரின் என்பவரின் குழு வலுவான கருவியோடு திரும்ப இறங்கியபோது கலத்தில் கசிவு. குறைந்த அழுத்தத்தை ஈடுகட்டப் புது எத்திலீனை ஏற்றினார்கள். அதில் இம்மியளவு ஆக்சிஜன் கலந்திருந்தது. வினையைத் தொடங்கிவைத்தது அதுதான். அது கூடினால் வெடிக்கும், அறவே இல்லையென்றால் ஒன்றும் நடக்காது. எல்லோரும் இதை அதிர்ஷ்டம் என்பார்கள். அந்த அழுத்தத்தைத் தாங்கும் கருவி செய்யத் தெரிந்தவனுக்குத்தான் அந்த அதிர்ஷ்டம் வாய்க்கும் என்பேன் நான்.

1939-ல் உற்பத்தி தொடங்கியது, போரும் தொடங்கியது. முதலில் பாலித்தீன் போன இடம் பை அல்ல, ரேடார் கேபிள். ஐசிஐயின் இன்னொரு பிளாஸ்டிக்கான, கண்ணாடி போன்ற பெர்ஸ்பெக்ஸ், ஸ்பிட்ஃபயர் போர் விமானியின் தலைக்கு மேல் கூண்டாக நின்றது.

1984-ல் 100 கோடி பவுண்டுக்கு மேல் லாபம் பார்த்த கம்பெனி இது. 1991-ல், கம்பெனிகளை வாங்கிக் கூறுபோட்டு விற்பதில் பேர்போன ஹான்சன் குழுமம் இதன் 2.8 சதவீதப் பங்கை வாங்கியதும் ஆட்டம் கண்டது. 1993-ல் மருந்துப் பிரிவை ஜெனிகா என்று தனியே பிரித்தார்கள். அதுதான் இன்றைய ஆஸ்ட்ராஜெனிகாவின் பாதி. பலரும் ஹான்சனைத்தான் திட்டுகிறார்கள். எனக்கென்னவோ 1997 முடிவுதான் ஆளை விழுங்கியது என்று படுகிறது. கிட்டத்தட்ட 500 கோடி பவுண்டுக்கு யூனிலீவரின் சிறப்பு ரசாயனப் பிரிவுகளை வாங்கி, அந்தக் கடனை அடைக்கத் தன் பழைய ஆலைகளை ஒவ்வொன்றாக விற்றார்கள். மிச்சமிருந்ததை, டூலக்ஸ் பெயிண்டோடு சேர்த்து, 2008-ல் நெதர்லாந்தின் அக்ஸோ நோபல் வாங்கிவிட்டது.