நடுநிலையான பிரிட்டிஷ் நாளிதழ் எது?

கேள்வி: கோவையிலிருந்து வேலைக்காக லெஸ்டர் வந்தேன். காமன்வெல்த் குடிமக்களுக்கு இங்கே பொதுத் தேர்தலில் வாக்குரிமை உண்டு என்பதால் பெயரைப் பதிவு செய்துவிட்டேன். ஆனால் குடியேற்றம் பற்றிய ஒரே செய்தி டெய்லி மெயிலில் ஒரு மாதிரியும் கார்டியனில் வேறு மாதிரியும் வருகிறது. நடுநிலையான நாளிதழ் எது? அதை மட்டும் படித்துக்கொள்கிறேன்.

பதில்: அப்படி ஒரு நாளிதழைத் தேடி நேரத்தைச் செலவழிக்காதீர்கள். பிபிசி, ஐடிவி போன்ற ஒளிபரப்பு நிறுவனங்கள் செய்தியில் நடுநிலை காக்க வேண்டும் என்பது ஒளிபரப்பை ஒழுங்குபடுத்தும் ஆஃப்காம் அமைப்பின் விதி. அச்சு நாளிதழ்களுக்கும் அவற்றின் இணையதளங்களுக்கும் அந்த விதி கிடையாது. பெரும்பாலான நாளிதழ்கள் இப்ஸோ என்ற பத்திரிகை ஒழுங்குமுறை அமைப்பில் இருக்கின்றன. தகவல் துல்லியமாக இருக்க வேண்டும், கருத்தையும் ஊகத்தையும் தகவலிலிருந்து பிரித்துக் காட்ட வேண்டும் என்று அதன் நெறிமுறை சொல்கிறது. ஒரு கட்சிக்காகப் பிரசாரமே செய்தாலும் அது தவறாகாது. கார்டியனும் ஃபைனான்சியல் டைம்ஸும் இப்ஸோவில்கூட இல்லை.

பொதுவாகச் சொன்னால் டெலிகிராஃப், மெயில், எக்ஸ்பிரஸ் மூன்றும் வலதுசாரிப் பக்கம். டைம்ஸ் மையத்துக்குச் சற்று வலதே. கார்டியன் இடது மையம். மிரர் பல காலமாக லேபர் கட்சிப் பக்கம். ஆனால் இவை முரசொலியைப் போலக் கட்சியின் நாளிதழ்கள் அல்ல. சன் நாளிதழ் 1992இல் கன்சர்வேட்டிவ் கட்சிப் பக்கம் நின்றது, 1997இல் லேபர் தலைவர் பிளேருக்கு மாறியது, 2009இல் திரும்பி வந்தது, 2024இல் வாக்குப்பதிவுக்கு முந்தைய நாள் மறுபடி லேபரை ஆதரித்தது. முதலாளியைப் பார்த்தும் முடிவு கட்ட முடியாது. 2016 பொதுவாக்கெடுப்பில் மர்டாக்கின் சன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறச் சொன்னது, அவருடைய டைம்ஸோ அதிலேயே நீடிக்கச் சொன்னது. டெய்லி மெயிலும் அதன் ஞாயிறு இதழான மெயில் ஆன் சண்டேயும் அதே போல எதிரெதிராக நின்றன. எக்ஸ்பிரஸும் மிரரும் 2018 முதல் ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கின்றன.

அதனால் நாளிதழின் பெயரைவிட, சார்பு எந்த இடத்தில் வந்து உட்காருகிறது என்பதைப் பாருங்கள். முதல் இடம் தலைப்பு. 2016 மார்ச் 9 அன்று, பிரெக்ஸிட்டுக்கு, அதாவது ஒன்றியத்தை விட்டு வெளியேறுவதற்கு, அரசி ஆதரவு என்று சன் முதல் பக்கத்தில் போட்டது. உள்ளே இருந்தது வேறு: சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விருந்தில் அரசி ஐரோப்பிய ஒன்றியத்தைக் குறை கூறினார் என்று பெயர் சொல்லாத சிலர் சொன்ன தகவல். அரண்மனை புகார் செய்தது. கட்டுரைக்கு இப்ஸோ தடை சொல்லவில்லை, ஆனால் தலைப்பு தவறான எண்ணத்தைத் தருகிறது என்று தீர்ப்பளித்தது. பகிரப்பட்ட இணைப்பில் தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்தவர்களுக்குக் கட்டுரை சரியாக இருந்து என்ன பயன்? பாதிப்பு அங்கேதான் இருக்கிறது.

இரண்டாவது இடம் எண்கள். நிகரக் குடியேற்றம் (வந்தவர்களில் வெளியேறியவர்களைக் கழித்த எண்) 2024இல் 4,31,000 என்று 2025 மே மாதம் அரசுப் புள்ளிவிவர அலுவலகம் முதல் மதிப்பீடாக அறிவித்தது. முந்தைய ஆண்டோடு ஒப்பிட்டால் ஏறக்குறையப் பாதி. பிரெக்ஸிட்டுக்கு முந்தைய ஆண்டுகளோடு ஒப்பிட்டால் அதிகம். இரண்டுமே உண்மை. எந்த ஆண்டோடு ஒப்பிடுகிறார்கள், நிகரமா மொத்த வருகையா என்று பாருங்கள், நாளிதழின் சாய்வு தெரிந்துவிடும். அப்புறம், முதலில் யாருடைய மேற்கோள் வருகிறது, யாருக்குக் கடைசியில் ஒரே வரி கிடைக்கிறது என்பதும் கவனிக்க வேண்டியது.

இணையத்தில் கூடுதல் கவனம் தேவை. அச்சில் கருத்துப் பக்கம் தனியாக இருக்கும், தலையங்கம் எது என்று பார்த்ததும் தெரியும். தேடுபொறி வழியாக வரும்போது நேராகக் கட்டுரையில் போய் இறங்குகிறோம், அது செய்தியா ஒருவரின் கருத்தா என்று மேலே சிறு எழுத்தில் இருக்கும் குறிப்பைப் பார்த்தால்தான் புரியும். தலைப்பும் காலையில் ஒன்று, மாலையில் வேறொன்றாக மாறியிருக்கலாம். டைம்ஸ், டெலிகிராஃப், ஃபைனான்சியல் டைம்ஸ் ஆகியவை சந்தா கேட்கின்றன. பணம் கட்டாமல் படிப்பவர் கண்ணில் அதிகம் படுவது கார்டியன், மெயில், மிரர், எக்ஸ்பிரஸ். நீங்கள் மெயிலையும் கார்டியனையும் ஒப்பிட்டுக் குழம்பியதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

என் யோசனை இதுதான். பிபிசியில் நடந்தது என்ன என்று பாருங்கள். பிறகு எதிரெதிர்ச் சாய்வுள்ள இரண்டு நாளிதழ்களில் அதே செய்தியை முழுவதும் படியுங்கள். இரண்டும் ஒத்துப்போகும் தகவலை ஓரளவு நம்பலாம், ஒன்றில் மட்டும் இருப்பதற்கு மூல ஆவணத்தைத் தேடுங்கள். சந்தாவுக்குச் செலவு செய்ய வேண்டியதில்லை, பல கவுன்சில் நூலகங்கள் உறுப்பினர்களுக்கு நாளிதழ்களைப் படிக்க உதவும் பிரஸ்ரீடர் செயலியை இலவசமாகத் தருகின்றன. உங்கள் நூலகத்திலும் உண்டா என்று கேளுங்கள். தகவலே தவறு என்று உறுதியாகத் தெரிந்தால், வெளியான நான்கு மாதங்களுக்குள் இப்ஸோவிடம் புகார் செய்யலாம். ஆனால் ஒருதலைப்பட்சமாக எழுதினார்கள் என்று மட்டும் எழுதினால் புகாரை ஏற்க மாட்டார்கள், எந்த வரி தவறு, அதற்கு என்ன ஆதாரம் என்று காட்ட வேண்டும்.