ஒருவரும் கேட்காத ஏலத்தை இடையில் நிறுத்தினால் வழக்கா?

கேள்வி: அப்பாவின் ஒஸ்ரின் ஏ-40 காரை ஓர் இணையத்தள ஏலத்தில் பத்து நாள் கெடுவில் போட்டேன். ஆரம்ப விலை எட்டு லட்சம் ரூபா. ஆறு நாளாகியும் எவரும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை இரவு மானிப்பாயிலிருந்து ஒருவர் வீட்டுக்கு வந்து பார்த்து, ஒன்பது லட்சத்துக்குப் பேசி முடித்து, ஒரு லட்சம் முற்பணமும் தந்துவிட்டுப் போனார். மறுநாள் காலை ஏலத்தை நிறுத்தினேன். அன்று மத்தியானமே வவுனியாவிலிருந்து இன்னொருவர் மெக்கானிக்கையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். அவர் முன்னர் வட்ஸ்அப்பில் விசாரித்தபோது, "ஏலம் செவ்வாய் வரை இருக்கும், வந்து பாருங்கள்" என்று எழுதியிருந்தேன். இப்போது காரைத் தரவேண்டும், இல்லையேல் நட்டஈடு என்று அவருடைய சட்டத்தரணியின் கடிதம் வந்திருக்கிறது. என்ன செய்வது?
– கொக்குவில் வாசகர்

பதில்: நீங்கள் எழுதியவை சரியானால், காரையும் கொடுக்க வேண்டாம், நட்டஈடும் கொடுக்க வேண்டாம். ஆனால் கடிதத்துக்குப் பதில் கொடுக்கத்தான் வேண்டும்.

ஏலத்தில் வாங்க முன்வருபவர் கேட்பவர்தான். பொருளை வைப்பவர் கேட்கும்படி அழைக்கிறார், அவ்வளவுதான். இலங்கையின் 1896 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தின்படி, சுத்தியல் தட்டியோ வழக்கமான வேறு முறையிலோ விற்பனை முடிந்தது என்று அறிவிக்கும்வரை கேட்டவரே தன் கேள்வியை, அதாவது கேட்ட விலையை, திரும்பப் பெறலாம். உங்கள் ஏலத்திலோ கேள்வியே இல்லை. குருநகர் மீன் சந்தையில் ஏலம் கூறுவதற்கு வைத்த கூடையை, ஒருவரும் வாய் திறக்குமுன் படகு முதலாளியான சம்மாட்டி திரும்ப எடுத்துக்கொண்டால், பக்கத்தில் நின்று பார்த்தவர் நீதிமன்றம் போக முடியுமா?

வந்துபோன செலவு? இதே கதை 1873 இல் இங்கிலாந்தில் நடந்தது. ஹரிஸ் எதிர் நிக்கர்சன் வழக்கில், விளம்பரத்தைப் பார்த்து லண்டனிலிருந்து ஏலத்துக்குப் போனவர், தான் வாங்க நினைத்த அலுவலகத் தளபாடங்கள் விலக்கப்பட்டதைக் கண்டு, செலவுக்கும் வீணான நேரத்துக்கும் பணம் கேட்டார். ஏலம் நடத்தப்போவதாகச் சொல்வது எண்ணத்தைத் தெரிவிப்பது மட்டுமே என்று சொல்லி நீதிமன்றம் மறுத்தது. நம் கட்டளைச் சட்டம் ஆங்கிலேயச் சட்டத்தின் அச்சிலேயே வார்க்கப்பட்டது என்பதால், இங்கும் அத்தீர்ப்பை எடுத்துக்காட்டலாம்.

ஆனாலும் அந்த வட்ஸ்அப் உரையாடலை முழுதாக எனக்கு அனுப்புங்கள். "செவ்வாய் வரை இருக்கும்" என்பது தகவல். "செவ்வாய் வரை வேறு யாருக்கும் கொடுக்கமாட்டேன்" என்று எழுதி, அவரும் சம்மதித்திருந்தால் அது வாக்கு. ஆங்கிலேயச் சட்டத்தில் கைமாறு எதுவும் பெறாத இத்தகைய வாக்கிலிருந்து நழுவிவிடலாம். ஒப்பந்தங்களுக்கு ஒல்லாந்தர் விட்டுச்சென்ற உரோம டச்சுச் சட்டம் நிலவும் நம் நாட்டில் மனமறிந்து கொடுத்த வாக்குக்குக் கைமாறு கட்டாயமில்லை. 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் இருப்பதால், "போனில் எழுதியதுதானே" என்றும் சொல்லித் தப்ப முடியாது.

இனி நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். எனக்குக் கவலை தருவது நீங்கள் ஏலத்தை நிறுத்தியது அல்ல, வெள்ளி இரவு முற்பணம் வாங்கிவிட்டு ஏலத்தை விடியும்வரை திறந்துவிட்டதுதான். நீங்கள் தூங்கும்போது ரொறன்ரோவில் மத்தியானம். அங்கிருந்து யாராவது எட்டு லட்சம் என்று ஒரு பொத்தானை அழுத்தியிருந்தால், ஒரே காருக்கு இரண்டு பேரிடம் மாட்டியிருப்பீர்கள். ஜேர்மனியில் ஈபேயில் ஒரு யூரோவில் தொடங்கிய பழைய வொக்ஸ்வாகன் பசாட் கார் ஏலத்தை, வெளியே வேறு ஆள் கிடைத்ததும் நிறுத்தினார் ஒருவர். அதற்குள் ஒருவர் கேட்டிருந்தார். 2014 இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், கேட்டவருக்கு 5,000 யூரோவுக்கு மேல் நட்டஈடு உறுதி செய்தது. அங்குள்ள சட்டம் வேறு, ஆனால் ஏலத்தளங்களின் நிபந்தனைகள் இங்கும் உங்களைக் கட்டும். கேள்வி வந்தபின் நிறுத்தக் கூடாது என்று அவற்றில் எழுதியிருக்கக்கூடும். எனவே முதலில் ஏலத்தை மூடுங்கள், பிறகு பணத்தைத் தொடுங்கள்.

இது காணியாக இருந்திருந்தால் கதையே வேறு. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கச் சட்டத்தின்படி நொத்தாரிசு முன் கையெழுத்தாகும்வரை எந்த இணைய ஏலத்துக்கும் பெறுமதியில்லை. பங்குக்காணி என்றால், யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையின் முன்வாங்கும் உரிமையும், அதாவது பங்காளர் முதலில் வாங்கும் உரிமையும், எழுந்து நிற்கும்.

இன்றைக்கே செய்யவேண்டியது: ஏலப் பக்கத்தில் கேள்வி எண்ணிக்கை பூச்சியம் என்று தெரியும் இடத்தையும், நிறுத்திய நேரத்தையும் படமெடுத்து வையுங்கள். தளம் சில வாரங்களில் அந்தப் பக்கத்தை அழித்துவிடக்கூடும். கோரிக்கைக் கடிதத்தை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். வணிக விடயத்தில் வந்த கடிதத்தை மறுக்காமல் விட்டால் அது ஒப்புக்கொண்டதாகக் கொள்ளப்படலாம் என்பது சரவணமுத்து எதிர் டி மெல் வழக்கிலிருந்து (1948) நம் நீதிமன்றங்கள் சொல்லிவருவது. ஒரு பக்கத்தில், கேள்வி எதுவும் இருக்கவில்லை, வாக்கும் கொடுக்கவில்லை என்று மறுத்துப் பதிவுத் தபாலில் அனுப்பலாம். மன்னிப்பு வார்த்தைகள் வேண்டாம். மானிப்பாய்க்காரரிடம் முற்பணத்துக்கான பற்றுச்சீட்டில் மீதித் தொகையையும் திகதியையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பெயர் மாற்றத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் முடிக்காமல், திகதியிடாமல் கையெழுத்திட்ட பத்திரங்களோடு காரை மட்டும் கொடுத்தனுப்பிவிடாதீர்கள்.