சோயா மொச்சையின் புரதம் எந்தப் பாட்டன் கொடுத்தது?

கேள்வி: சோயா மொச்சையில் ஒரு ரகத்தின் விதையில் 40 விழுக்காடு புரதமும் இன்னொன்றில் 48 விழுக்காடும் இருப்பதாகப் படித்தேன். ரகங்களின் வம்சாவளிப் பதிவேட்டை வைத்தே, இந்த வேறுபாடு எந்த மூதாதையிடமிருந்து வந்தது என்று சொல்லிவிட முடியாதா?

பதில்: பதிவேடு மட்டும் போதாது. வட அமெரிக்காவில் 1947 முதல் 1988 வரை வெளியான 258 பொது ரகங்களின் (அதாவது அரசு, பல்கலைக்கழக நிலையங்கள் வெளியிட்டவற்றின்) பெற்றோரைப் பின்னோக்கித் தேடியபோது, அவற்றின் மரபில் சுமார் 95 விழுக்காடு 35 மூதாதை ரகங்களில் போய் நின்றது. அவற்றுள் பெரும்பாலானவை சீனா, கொரியா, ஜப்பான் ஆகிய நாடுகளிலிருந்து வந்தவை. ஆனால் ஒரு பாட்டனின் பங்கு கால்வாசி என்பது வெறும் சராசரிக் கணக்கு. அந்தக் கால்வாசியில் புரதத்தைக் கூட்டும் துண்டு இருந்ததா என்பதைப் பதிவேடு சொல்லாது.

ஆகவே குரோமோசோம் நெடுகிலும் உள்ள ஆயிரக்கணக்கான டி.என்.ஏ. அடையாளங்களைப் பேரனிலும் பாட்டனிலும் ஒப்பிடுகிறார்கள். ஓர் அடையாளம் மட்டும் ஒத்துப்போவது தற்செயலாகவும் நேரலாம் என்பதால், இடைவெளியின்றித் தொடரும் நீண்ட வரிசை தலைமுறைதோறும் அப்படியே இறங்கி வந்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள். புரதத்தின் அளவு மண்ணையும் மழையையும் பொறுத்து மாறுவதால், பழைய பட்டியல்களின் எண்களை நம்பாமல் ரகங்களை ஒரே வயலில் சேர்த்து விதைத்து அளப்பதே முறை.

இதில் 20-ஆம் குரோமோசோமின் கதை சுவையானது. பயிர்ச் சோயாவைக் காட்டுச் சோயாவுடன் கலந்து செய்த, 1992-இல் வெளியான ஆய்வில், புரதத்தைக் கூட்டும் துண்டு காட்டுச் செடியிலிருந்து வந்ததாகத் தெரிந்தது. பிற்பாடு அந்தத் துண்டில் உள்ள மரபணுவையே பிரித்துப் பார்த்தபோது, பயிர் ரகங்களில் பெரும்பாலானவற்றில் சுமார் 320 எழுத்து நீளமுள்ள ஒரு டி.என்.ஏ. செருகல் அம்மரபணுவின் நடுவே புகுந்திருந்தது; அது இருந்தால் புரதம் குறைகிறது. ஆக, புரதம் குறைந்ததுதான் பின்னால் வந்த மாற்றம். கூடுதல் புரதம் காட்டு மூதாதையின் பழைய சொத்து! கொரியாவின் டான்பேக்கோங் ரகத்தை அமெரிக்காவின் பென்னிங்குடன் கலந்து ஆராய்ந்தபோதும், புரத வேறுபாட்டின் பாதிக்கு மேற்பட்ட பகுதி இதே குரோமோசோமில்தான் அமர்ந்திருந்தது.

ஆனாலும் புரதத்தைக் கூட்டும் அந்தத் துண்டை எல்லா ரகத்திலும் உடனே புகுத்திவிடவில்லை. புரதம் ஏறினால் எண்ணெய் இறங்குகிறது, அதைப் புகுத்தும் பல ரகங்களில் விளைச்சலும் குறைகிறது. எண்ணெய்க்கும் விளைச்சலுக்குமாகவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வந்தவர்கள் அந்தத் துண்டை ஏன் தவறவிட்டார்கள் என்பதற்கு, என் கருத்தில், இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.