அந்த இரண்டு ஆண்டுத் தண்டனை – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் வேலை பார்க்கும் இடத்தில் 2022ஆம் ஆண்டு ஓர் அடிதடி நடந்தது. ஷிப்ட் போடுவதில் இருவருக்குள் மாதக்கணக்கில் தகராறு. மேற்பார்வையாளரிடம் இருவருமே முறையிட்டிருக்கிறார்கள். “உங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்” என்பதுதான் ஒவ்வொரு முறையும் வந்த பதில். ஒருநாள் மதியம் எல்லோர் முன்னிலையிலும் ஒருவர் மற்றவரைத் “தண்டச்சோறு” என்று ஏசிவிட்டார். ஏச்சு வாங்கியவர் ஒன்றும் பேசாமல் கிடங்குக்குள் போனார். அரைமணி நேரம் கழித்து இரும்புக் குழாயோடு வந்து அடித்துவிட்டார். தடுக்கத் தூக்கிய வலது கையில் இரண்டு எலும்புகளும் முறிந்தன. அறுவை சிகிச்சை நடந்தும் அவருக்கு இன்றுவரை விரல்கள் முழுதாக மடங்குவதில்லை. வேலையை விட்டுவிட்டார்.

இப்போது தீர்ப்பு வந்திருக்கிறது. அடித்தவருக்கு 326வது பிரிவின்கீழ் 2 ஆண்டு கடுங்காவல், 5,000 ரூபாய் அபராதம். தண்டனை பற்றி ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று நடுவர் கேட்டபோது, “வீட்டில் வேறு சம்பாத்தியம் இல்லை, பிள்ளைகள் படிக்கிறார்கள்” என்று மட்டும் சொன்னார். எங்களுக்குக் கண் கலங்கிவிட்டது. அவமானப்படுத்தியவருக்கு ஒன்றும் இல்லை, அவமானப்பட்டவருக்குச் சிறை. இது நியாயமா? அவர் ஜாமீனில் இருக்கிறார், மேல்முறையீடு செய்யப்போகிறார். குடும்பத்துக்காக நாங்கள் பணம் திரட்டிக்கொண்டிருக்கிறோம். உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னை நிறுத்திவிட்டது. அவமானப்படுத்தியவருக்கு ஒன்றும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். விரல் மடங்காத வலது கையோடு வேலையை விட்டுப் போனவர் அவர்தான். அதை நீங்களே நாலு வரிக்கு முன்னால் எழுதியிருக்கிறீர்கள். ஏசியது தவறு, சந்தேகமில்லை. ஆனால் அந்த ஒரு சொல்லுக்கு அவர் கொடுத்த விலையைக் கணக்கில் சேர்க்காமல் தண்டனை நியாயமா என்று பேசத் தொடங்கக் கூடாது.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டாலும், சம்பவம் 2022இல் நடந்ததால் பழைய இந்தியத் தண்டனைச் சட்டம்தான் இந்த வழக்குக்குப் பொருந்தும். எலும்பு முறிந்தாலே அது கொடுங்காயம். அதை உயிருக்கு ஆபத்து விளைவிக்கக்கூடிய ஆயுதத்தால் செய்தால் 326வது பிரிவு. அதற்கு ஆயுள் தண்டனை வரை விதிக்கலாம், அல்லது 10 ஆண்டு வரை சிறை. குறைந்தபட்சம் இவ்வளவு என்று பழைய சட்டத்தில் இல்லை. புதிய சட்டம் குறைந்தது ஓர் ஆண்டு என்று வைத்திருக்கிறது. முதல் வகுப்பு நடுவர் தாமாக விதிக்கக்கூடிய சிறை 3 ஆண்டுதான். அதற்கு மேல் தேவை என்று கருதினால் வழக்கைத் தலைமைக் குற்றவியல் நடுவருக்கு அனுப்பலாம். உங்கள் வழக்கில் அவர் அதைச் செய்யவில்லை, தம் வரம்புக்குள்ளேயே ஓராண்டு குறைத்தும் கொடுத்திருக்கிறார். எலும்பு முறிந்து, கை நிரந்தரமாகப் பழுதான ஒரு வழக்கில் 2 ஆண்டு அதிகம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

“ஆத்திரமூட்டினால் தண்டனை குறையாதா” என்று கேட்பீர்கள். குறையும். கடுமையான, திடீரென்ற ஆத்திரமூட்டலில் கொடுங்காயம் விளைவித்தால் அதற்குத் தனிப் பிரிவே இருக்கிறது, 335. அதிகபட்சம் 4 ஆண்டு. ஆனால் அந்தப் பிரிவில் ‘திடீர்’ என்பது வெறும் அலங்காரம் அல்ல. மனைவியின் காதலனைச் சுட்டுக் கொன்ற கடற்படை அதிகாரி நானாவதியின் வழக்கில், 1961இல், உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. மனைவி சொன்ன செய்தியைக் கேட்டதற்கும் சுட்டதற்கும் இடையே ஏறத்தாழ மூன்று மணி நேரம் கழிந்திருந்தது. மனம் தணிய அவகாசம் இருந்தது என்று சொல்லி அந்த வாதத்தை நிராகரித்துவிட்டார்கள். அது கொலை வழக்கு, இது காயம். ஆனாலும் அளவுகோல் ஒன்றுதான். உங்கள் நண்பர் அரைமணி நேரம் கிடங்கில் இருந்திருக்கிறார், குழாயைத் தேடி எடுத்திருக்கிறார், திரும்பி நடந்து வந்திருக்கிறார். ஏச்சு வாங்கிய நொடியில் கை ஓங்கியிருந்தால் நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

நடுவர் கேட்ட அந்தக் கேள்விக்கு வருகிறேன். குற்றவாளி என்று தீர்மானித்த பிறகு, தண்டனை பற்றி அவரைத் தனியாகக் கேட்க வேண்டும் என்பது சட்டம். 1976இல் சாந்தா சிங் வழக்கில், அப்படிக் கேட்காததற்காக உச்ச நீதிமன்றம் மரண தண்டனையையே ரத்து செய்து, கேட்டுவிட்டு முடிவெடுங்கள் என்று திருப்பி அனுப்பியது. அவ்வளவு முக்கியமான கட்டம் அது. அங்கே உங்கள் நண்பரின் வழக்கறிஞர் எவ்வளவோ சொல்லியிருக்கலாம். இது முதல் குற்றம், வழக்கு நடந்த காலத்தில் வேறு புகார் இல்லை, மேற்பார்வையாளரிடம் முறையிட்டும் யாரும் காதுகொடுக்கவில்லை என்பதையெல்லாம் சாட்சியத்தோடு எடுத்து வைத்திருக்கலாம். மாதக்கணக்கில் புகைந்த தகராறை “நீங்களே தீர்த்துக்கொள்ளுங்கள்” என்று தள்ளிவிட்ட நிர்வாகத்தின் மீது எனக்குக் கோபம் இருக்கிறது. கூண்டில் நின்றவர் ஒருவர்தான் என்பதால் அந்தப் பொறுப்பு இல்லாமல் போய்விடாது. குற்றத்தை அது நீக்காது, தண்டனையின் அளவை யோசிக்கும்போது நியாயமாக எடைபோட வேண்டிய விஷயம். பிள்ளைகள் படிக்கிறார்கள் என்பது எல்லா நீதிமன்றங்களிலும் எல்லோரும் சொல்வது. அது உண்மையாக இருந்தாலும் நடுவரால் அதைக் கொண்டு அதிகம் ஒன்றும் செய்ய இயலாது.

இன்னொன்றும் எனக்கு உறுத்துகிறது. அந்தக் கேள்வியைக் காயம்பட்டவரிடம் யாரும் கேட்கவில்லை. விரல் மடங்காததால் அவர் என்னென்ன வேலை செய்ய முடியாமல் போயிற்று, சிகிச்சைக்கு எவ்வளவு கடன் வாங்கினார் என்பதெல்லாம் தண்டனை சொல்லும் நாளில் எங்கே வந்தது? காயச் சான்றிதழில் எலும்பு முறிவு இருக்கும். அவர் சாட்சி சொல்லிவிட்டுப் போய்விட்டார், அதோடு அவர் பங்கு முடிந்தது. பாதிக்கப்பட்டவர் தமக்கு நேர்ந்ததைத் தண்டனைக் கட்டத்தில் சொல்ல வழி வேண்டும் என்று 2018இல் மல்லிகார்ஜுன் கொடகலி வழக்கில் உச்ச நீதிமன்றம் எழுதியிருக்கிறது. தண்டனை குறைவு என்று மேல்முறையீடு செய்யக்கூட அவருக்கு உரிமை இல்லை, அரசுதான் செய்ய வேண்டும். விடுதலை, குறைந்த குற்றத்துக்கான பிரிவில் தண்டனை, போதாத இழப்பீடு, இந்த மூன்றுக்கு எதிராகத்தான் அவர் போக முடியும்.

அந்த 5,000 ரூபாய் அவருக்குப் போகும் என்று நீங்கள் நினைத்திருக்கலாம். நிறையப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். நீதிமன்றம் தனியாக உத்தரவிடாவிட்டால் அபராதம் அரசுக் கருவூலத்துக்குப் போகும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 357வது பிரிவுப்படி அபராதத்திலிருந்து இழப்பீடு கொடுக்கச் சொல்லலாம். தண்டனையில் அபராதம் இல்லாதபோது இழப்பீட்டைத் தனியாகவே விதிக்கலாம், அதற்குச் சட்டம் உச்சவரம்பு வைக்கவில்லை. ஒவ்வொரு வழக்கிலும் இழப்பீடு பற்றி நீதிமன்றம் யோசித்தே ஆக வேண்டும் என்று 2013இல் அங்குஷ் கெய்க்வாட் வழக்கில் தீர்ப்பு வந்திருக்கிறது. உங்கள் வழக்கில் அப்படி யோசித்ததற்கான தடயம் உங்கள் கடிதத்தில் இல்லை.

1988இல் தீர்ப்பு வந்த ஹரி சிங் வழக்கைப் படித்துப் பாருங்கள் என்று சொல்வேன். அடிபட்டவருக்குப் பேசும் திறன் நிரந்தரமாகக் குறைந்துவிட்டது. அடித்தவர்களை உயர் நீதிமன்றம் நன்னடத்தையின் பேரில் விடுவித்திருந்தது. உச்ச நீதிமன்றம் அவர்களைச் சிறைக்கு அனுப்பவில்லை, ஆனால் சிறிய தொகையாக இருந்த இழப்பீட்டை 50,000 ரூபாயாக உயர்த்தியது. அந்தக் காலத்தில் அது பெரிய தொகை. 326இல் ஆயுள் தண்டனைக்கு வாய்ப்பு இருப்பதால் சிறைக்கு அனுப்பாமல் இப்படி விடுவிக்க வழிசெய்யும் நன்னடத்தைச் சட்டத்தின் 4வது பிரிவு உங்கள் நண்பருக்குக் கிடைக்காது. ஆனால் சிறைக்காலத்தைக் குறைக்கச் சொல்லிக் கேட்பவர், தான் முறித்த கைக்கு என்ன செய்தார் என்ற கேள்விக்கும் பதில் வைத்திருக்க வேண்டும். இத்தனை ஆண்டுகளில் ஒரு தவணைகூட அவர் சிகிச்சைக்குக் கொடுத்ததாக நீங்கள் எழுதவில்லை.

ஆகவே நான் சொல்வது இதுதான். தீர்ப்பு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் அமர்வு நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய வேண்டும், தாமதிக்க வேண்டாம். மேல்முறையீட்டு நீதிமன்றமும் இழப்பீட்டுக்கு உத்தரவிடலாம் என்று சட்டம் சொல்கிறது. அங்கே உங்கள் நண்பர் தாமாகவே ஒரு தொகையை முன்வைக்கட்டும். நீங்கள் திரட்டும் பணத்தில் ஒரு பங்கை அதற்கு ஒதுக்குங்கள். இழப்பீடு போதாது என்றால், கூடுதல் இழப்பீடு தரும்படி மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு நீதிமன்றம் பரிந்துரைக்கவும் வழியுண்டு. அதைக் கேட்டு மனுப் போடும்படி அடிபட்டவரிடம் யாராவது போய்ச் சொல்லுங்கள். அவர் வீட்டுக்கு உங்களில் யாரும் இதுவரை போயிருக்க மாட்டீர்கள் என்றே நினைக்கிறேன். இந்த வாரமே போங்கள், தீர்ப்பின் நகலையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

அன்புடன்