மலைவாழ் மக்களுக்கு வன உரிமைச் சட்டம் இருப்பதுபோல மீனவர்களுக்கும் கடல் உரிமைச் சட்டம் வேண்டுமா?

கண்டிப்பாக வேண்டும். நான் ஏற்காடு மலையில் பிறந்தவன், மலையாளிப் பழங்குடி. கடலை முதன்முதலில் பார்த்ததே கல்லூரியில் சேர்ந்த பிறகுதான். ஆனாலும் இந்தக் கேள்விக்கு மலையிலிருந்து சொல்ல எனக்குக் கொஞ்சம் இருக்கிறது.

2006-ல் வந்த வன உரிமைச் சட்டம் என்றால் பலருக்கும் பட்டாதான் நினைவுக்கு வரும். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறு. காட்டைப் பயன்படுத்தும் உரிமையோடு அதைக் காப்பாற்றும் உரிமையும் ஊருக்கு உண்டு என்று அந்தச் சட்டம் சொல்கிறது. யாருக்கு என்ன உரிமை என்ற பேச்சைத் தொடங்குவதே கிராம சபைதான். என் ஆயா, அதாவது பாட்டி, வள்ளிக்கிழங்கு தோண்டினால், கொடி ஒட்டியிருக்கும் தலைப்பகுதியை மறுபடி குழியில் வைத்து மண்ணைத் தள்ளிவிட்டுத்தான் எழுந்திருப்பார். "அடுத்த வருசம் வர்றவங்களுக்கு வேணாமா?" என்பார். அப்படி வாழ்ந்தவரை ஆக்கிரமிப்பாளர் என்றுதான் அதுவரை சொன்னார்கள்.

இன்று கடற்கரையில் இருப்பவர்கள் ஆயாவின் அந்த நிலையில்தான் நிற்கிறார்கள். அவர்களுக்கு இருப்பது, கரையோரம் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று சொல்லும் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை. 1991, 2011, 2019 என்று மூன்று முறை வந்தது. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மத்திய அரசு வெளியிடுவது. நாடாளுமன்றத்தில் ஓட்டெடுப்பு இல்லாமலே மாற்றிவிடலாம். மக்கள் நெருக்கமாக வாழும் கடலோரக் கிராமப் பகுதிகளில், கடல் ஏறும்போது தண்ணீர் வந்து தொடும் உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை கட்டடம் கூடாது என்று இருந்ததை 2019-ல் 50 மீட்டராகக் குறைத்தது அப்படித்தான். படகை ஏற்றி வைப்பதும், வலையைப் பிரித்துச் சரிபார்ப்பதும், கருவாடு காயப்போடுவதும் அந்த மணலில்தானே? அரசுக் கணக்கில் அது பெரும்பாலும் வெறும் புறம்போக்கு.

சேலத்தில் விடுதியில் என்னோடு இருந்த நண்பனின் ஊர், சென்னைக்கு வடக்கே கடலோரம் உப்புநீர் ஏரி இருக்கும் பழவேற்காடு. ஒரு பொங்கல் விடுமுறைக்கு அங்கே போயிருந்தேன். "இன்னைக்கு நம்ம பாடு இல்ல தம்பி, சும்மா சுத்திட்டு வரலாம்" என்று அவன் அப்பா ஏரிக்குள் கூட்டிப்போனார். பாடு என்றால் என்ன என்று கேட்டேன். ஏரியில் இறால் நன்றாகக் கிடைக்கும் இடங்களை ஊரே பிரித்து வைத்து, குலுக்கல் போட்டு, முறைவைத்துத் தலைக்கட்டுகளுக்கு, அதாவது குடும்பங்களுக்கு, கொடுக்கும் ஏற்பாடாம். நல்ல இடம் ஒருவருக்கே நிலைத்துவிடாது, எல்லோரும் ஒரே இடத்தில் வலைபோட்டு அழிக்கவும் முடியாது. தண்ணீரைத் துண்டு போட்டுச் சொந்தம் கொண்டாடாமல், முறையை மட்டும் பங்கிட்டுக்கொள்கிறார்கள். அன்று காற்று கொண்டலுக்கு, அதாவது கிழக்குக் காற்றாக, திரும்பியதை என் தோல் உணர்வதற்கு முன்பே அவர் படகைத் திருப்பிவிட்டார். இந்த அறிவுக்கு எந்த அறிவிக்கையிலும் இடமில்லை. அது எனக்கு இன்னும் ஆறாத வருத்தம்.

இது புதிய யோசனையும் இல்லை. 2009-ல் எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையிலான குழு, வன உரிமைச் சட்டம் மாதிரியே மீனவர்களுக்கும் ஒரு சட்டம் கொண்டுவரச் சொல்லிப் பரிந்துரைத்தது. சட்டம் வரவில்லை. இரண்டு ஆண்டு கழித்து இன்னொரு அறிவிக்கைதான் வந்தது.

சரி, சட்டம் வந்துவிட்டால் போதுமா? போதாது, எங்கள் அனுபவம் அப்படி. நீதிமன்ற வழக்கால் தமிழ்நாட்டில் 2016 வரை வன உரிமைப் பட்டா கொடுப்பது முடங்கிக் கிடந்தது. அதற்குப் பிறகும் என் அப்பா மனுவைத் தூக்கிக்கொண்டு மலைக்கும் கீழே அலுவலகத்துக்குமாக எத்தனை முறை ஏறி இறங்கினார் என்று கணக்கில்லை. கடைசியில் வந்த பட்டாவில் அம்மாவின் பெயரும் சேர்ந்தே இருந்தது. கணவன் மனைவி இருவர் பெயரிலும் தர வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதியிருப்பதால் அது நடந்தது. எழுதாமல் விட்டிருந்தால் அம்மாவின் பெயரை யாரும் கேட்டிருக்கவே மாட்டார்கள்.

அதனால்தான், கடலுக்குச் சட்டம் எழுதுகிறவர்கள் ஊர் வழக்கத்தை அப்படியே எடுத்து ஒட்டிவிடக் கூடாது என்று நினைக்கிறேன். பாடு முறை எனக்கு எவ்வளவு பிடித்திருந்தாலும் அதில் ஒரு குறை உண்டு. அது குறிப்பிட்ட சமூகத்துக்கு மட்டும், அதிலும் ஆண்கள் பெயரில் மட்டும். அன்று பழவேற்காடு ஏரியிலிருந்து திரும்பி வரும்போது, இடுப்பளவுத் தண்ணீரில் ஓர் இருளர் பெண் மீன் போடும் பறியைப் பல்லால் கடித்துப் பிடித்தபடி, சேற்றைக் கையால் தடவித் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார். வலை இல்லை, படகு இல்லை. பாடு முறையிலும் அவருக்கு இடமில்லை. என்னைப் போல அவரும் பழங்குடி. மன்னார் வளைகுடாவில் பாசி எடுக்கும் பெண்களும், தலையில் கூடை வைத்து மீன் விற்கிறவர்களும் இதே வரிசையில்தான் வருவார்கள். மீனவர் என்ற சொல்லுக்கு அந்தச் சட்டம் கொடுக்கும் விளக்கத்திலேயே, முதல் பக்கத்திலேயே, இவர்கள் எல்லோரும் இருக்க வேண்டும்.