நான் சொன்னதையே திருப்பிச் சொல்கிறார்!

அன்புள்ள ஆலோசகருக்கு,

வணக்கம். எனக்கு 44 வயது. டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. திருமணமாகவில்லை. பக்கவாதத்தில் படுத்திருக்கும் அப்பாவை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அண்ணன் ஜோகன்னஸ்பர்க்கில். மாதாமாதம் பணம் அனுப்புவான், புரட்டாசி விரதத்தில் ஒரு சனிக்கிழமை வந்து சாப்பிட்டுவிட்டுப் போவான்.

கேப் டவுனில் எனக்கு நல்ல வேலை ஒன்று கிடைத்திருக்கிறது. அண்ணனிடம் சொன்னேன். "அப்பாவை விட்டுட்டா? நீயா இப்படிப் பேசுற?" என்றான். கோயிலில் எல்லோரும் "பிள்ளைன்னா இவள்தான்" என்று என்னைக் காட்டுவார்கள். இப்போது அதைக் கேட்டாலே எரிச்சல் வருகிறது. எரிச்சல்பட்டோமே என்று இரவெல்லாம் தூக்கம் வருவதில்லை.

சில மாதங்களாக ஓர் ஆலோசகரிடம் போகிறேன். போகலாமா, வேண்டாமா என்று கேட்டால் பதிலே இல்லை. போன வாரம், "அண்ணன்மேல் எனக்குக் கோபமெல்லாம் இல்லை" என்றேன். "கோபம் இல்லை. ஆனால் அவர் ஃபோன் வந்தால் மட்டும் சமையலறைக்குப் போய்விடுகிறீர்கள்" என்றார். அதையும் நான்தான் முன்பு சொல்லியிருந்தேன். கேட்டால், இதுதான் மனிதநேய அணுகுமுறை என்கிறார். இது வைத்தியம்தானா? ஆளை மாற்றிவிடவா?

– ஒரு மகள்

அன்புள்ள சகோதரிக்கு,

ஆளை மாற்றுவது உங்கள் உரிமை. அதற்கு முன், அண்ணனின் ஃபோனைப் பற்றி ஆலோசகர் சொன்னதை இன்னொரு முறை பாருங்கள். கோபம் இல்லை என்றதும் நீங்கள், சமையலறைக்குப் போவதைச் சொன்னதும் நீங்கள். வெவ்வேறு நாளில் சொன்ன இரண்டையும் அவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அவ்வளவு கவனமாக உங்களைக் கேட்ட ஒருவர் இதற்கு முன் இருந்தாரா?

இந்த முறைக்கு வழி போட்டவர் கார்ல் ரோஜர்ஸ் என்ற உளவியலாளர். 1928 முதல் ஏறக்குறைய 12 ஆண்டுகள் அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில், சிக்கலில் இருந்த குழந்தைகளோடு வேலை செய்தார். ஒரு பையனின் தாய் அவனை மனதளவில் ஒதுக்குவதுதான் பிரச்சினை என்று கண்டுபிடித்து, அதை அவருக்குப் புரியவைக்கப் பல வாரங்கள் முயன்றார். நடக்கவில்லை. இனி முடியாது என்று இருவரும் கைகுலுக்கிப் பிரியும்போது, பெரியவர்களுக்கும் ஆலோசனை சொல்வீர்களா என்று அந்தத் தாய் கேட்டார். திரும்பி வந்து உட்கார்ந்து, தன் திருமண வாழ்க்கையின் வேதனையைக் கொட்டித் தீர்த்தார். எங்கே வலிக்கிறது, எந்தப் பக்கம் போக வேண்டும் என்பது வந்தவருக்குத்தான் தெரியும் என்ற எண்ணம் ரோஜர்ஸுக்கு அங்கே வலுத்தது. உங்கள் ஆலோசகர் பதில் சொல்லாமலிருப்பதும் அந்த நம்பிக்கையில்தான்.

சொன்னதைத் திருப்பிச் சொல்வதாக ரோஜர்ஸையும் கேலி செய்தார்கள். நான் புரிந்துகொண்டது சரிதானா என்று வந்தவரிடமே கேட்டுப் பார்ப்பதுதான் அது என்று 1986இல் அவர் எழுதினார். எனவே ஆலோசகர் சொல்வது தப்பென்று பட்டால் "இல்லை, அப்படியில்லை" என்று மறுத்துவிடுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி, "பிள்ளைன்னா இவள்தான்." இப்படி இருந்தால்தான் நீ நல்லவள் என்ற நிபந்தனையோடு வரும் அன்பைப் பற்றி ரோஜர்ஸ் நிறையப் பேசியிருக்கிறார். அந்த நிபந்தனைக்குள் அடங்காத உணர்ச்சிகளை நாமே நம்மிடமிருந்து மறைக்கத் தொடங்குகிறோம். களைத்துப்போன மகளுக்குக் கோபம் வருவது இயல்பு. ஆனால் எல்லோரும் புகழும் அந்த 'நல்ல பிள்ளை'க்குக் கோபம் வரக்கூடாதே! அதனால்தான் எரிச்சலும் வருகிறது, எரிச்சலுக்குத் தண்டனையாகத் தூக்கமும் போகிறது. கோபம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உங்களை அப்படியே ஏற்கும் ஓர் இடம் வேண்டும். ஆலோசனை அறை அதற்குத்தான்.

இந்த அணுகுமுறை ஆளைச் சுயநலக்காரராக்கிவிடும் என்பார்கள். எனக்கும் ஒரு மனக்குறை உண்டு: நம் குடும்பங்களில் 'நான்' தனியாக நிற்பதில்லை, அதை இது போதுமான அளவு பார்ப்பதில்லை. நம் அக்கம்பக்கத்து ஜூலு மக்களும், மனிதர் மற்ற மனிதர்களால்தான் மனிதராகிறார் என்பார்கள். ஆனாலும் ரோஜர்ஸ் தனிமனிதரோடு நின்றுவிடவில்லை. நிறவெறி ஆட்சி நடந்த 1982இலும் 1986இலும் இங்கே தென்னாப்பிரிக்காவுக்கே வந்தார். எண்பதைத் தொட்ட வயதில், ஜோகன்னஸ்பர்க்கில் கறுப்பரையும் வெள்ளையரையும் ஒன்றாக உட்காரவைத்து ஒருவரையொருவர் கேட்கச் செய்தார். அப்பாவை விட்டுவிடு என்று இந்த முறை ஒருபோதும் சொல்லாது. பார்த்துக்கொள்வது உங்கள் விருப்பமா, பெயர் கெட்டுவிடும் என்ற பயமா என்று பிரித்துப் பார்க்க உதவும். இரண்டும் கலந்துதான் இருக்கும், அதில் தவறில்லை.

அடுத்த முறை போனதும், "நீங்கள் பதில் சொல்லாதது எனக்கு எரிச்சலாக இருக்கிறது" என்று நேராகச் சொல்லுங்கள். ஆலோசகர் உண்மையாக இருக்க வேண்டும் என்பது இந்த முறையின் அடிப்படை விதி. மழுப்பினால் தாராளமாக ஆளை மாற்றுங்கள்.

அப்பாவுக்குப் பகல்நேரத் துணை, அண்ணன் பங்கு எவ்வளவு என்பதெல்லாம் தகவலும் கணக்கும். அதற்குச் சமூகப் பணியாளரைப் பாருங்கள், ஆலோசகரிடம் எதிர்பார்க்காதீர்கள். தூக்கமின்மை தொடர்ந்தால், அல்லது வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினால், தாமதிக்காமல் மருத்துவரிடம் போங்கள். பேச்சு மட்டும் அப்போது போதாது.

வேலைக்கு என்றைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று நீங்கள் எழுதவில்லை. நாள் நெருங்கிவிட்டதென்றால் அதையும் ஆலோசகரிடம் சொல்லி, வாரம் இருமுறை பார்க்க முடியுமா என்று கேளுங்கள்.